எடை பார்க்கும் சட்டம் வலுவைப் பார்க்காதா?

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் கோயம்புத்தூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். 26 வருஷமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்தே பிழைப்பு ஓடுகிறது. பயிற்சிக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்போம். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். “மாஸ்டர், பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே எல்.எல்.ஆர். போட்டாச்சுங்க. அடுத்த மாசம் இருபதாம் தேதி வண்டி வருது. அதுக்குள்ள லைசென்ஸ் கையில இருக்கோணுங்க.” என்ன வண்டி என்று கேட்டேன். சொன்னார். இரண்டே கதவு உள்ள வெளிநாட்டுக் கார், 450 குதிரைத்திறன். என் பயிற்சிக் காரின் திறன் 80.

பையன் கெட்டிக்காரன். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டியைப் பின்னால் உருள விடமாட்டான். கண்ணாடி பார்ப்பான். இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். எல்லாம் முறைப்படி நடந்தது. யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

புது வண்டி வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை அழைத்துப் போனான். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸ். சாலை காலி. “கொஞ்சம் மிதிச்சுப் பாக்கட்டுமா மாஸ்டர்?” என்றான். “பாத்துப்பா” என்றேன். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. “தம்பி, மெதுவா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முள் 140ஐத் தொட்டது. குறுக்குச் சாலையிலிருந்து ஒரு பெரியவர் பால் கேன்களோடு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஏறி வந்தார். அவர் பார்க்காமல் வரவில்லை. பார்த்துவிட்டுத்தான் வந்தார். கார் தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்தில் வரும் கார் எவ்வளவு நேரத்தில் பக்கத்தில் வரும் என்று அவருக்கு நாற்பது ஐம்பது வருஷத்துக் கணக்கு ஒன்று இருக்கும் இல்லையா, அந்தக் கணக்கை நம்பி வந்தார்.

என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பையன் பிரேக் போட்டான். நல்ல வண்டி, நின்றது. பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் திட்டக்கூட இல்லாமல் போய்விட்டார். “பிரேக் செம்ம இல்ல மாஸ்டர்?” என்று பையன் சிரித்தான். எனக்கு வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுகூடக் கால் நடுங்கியது.

அவன் எந்தச் சட்டத்தையும் ஏமாற்றி அந்த சீட்டில் உட்காரவில்லை. வயது சரி. உரிமம் சரி. வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரி. வேகத்தைத் தவிர, அன்று காலை அவன்மேல் போட ஒரு வழக்கும் கிடையாது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

வயது குறைந்தவர்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தீர்கள். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. நல்ல பிரிவு. சில அப்பாக்களுக்கு இதைப் படித்துக் காட்டித்தான் நான் பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் அந்தப் பிரிவு கேட்பதும் ஒரே கேள்விதான்: பதினெட்டு ஆகிவிட்டதா?

2024 மே 19 அன்று அதிகாலை புனேயின் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே டைகான் கார் பைக்கில் மோதியது. 24 வயது மென்பொருள் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். ஓட்டியவனுக்கு 17 வயது 8 மாதம். குடித்திருந்தான் என்பது போலீஸ் தரப்பு. ரத்த மாதிரியை மாற்றிவிட்டதாக சசூன் அரசு மருத்துவமனை டாக்டர்களே கைதானார்கள். சிறார் நீதி வாரியம் அன்றைக்கே ஜாமீன் கொடுத்து, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னது. அந்தக் கட்டுரையைத்தான் நாடே பேசியது. 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே முடிந்திருக்கவில்லை என்பதும் வெளியே வந்தது. கோடிக்கணக்கில் விலை உள்ள வண்டி!

எனக்கு உறுத்தியது வேறு. 17 வயது 8 மாதம். இன்னும் நான்கு மாதம் போயிருந்தால் எல்.எல்.ஆர்., அதற்குமேல் 30 நாள் போயிருந்தால் உரிமம். அப்புறம் அதே பையன், அதே காரை, அதே சாலையில் சட்டப்படி ஓட்டலாம். குடிக்காமல் இருந்தால் போதும். அந்த ஐந்து மாதத்தில் அவன் கைக்கு என்ன புதிதாக வந்திருக்கும்? டைகான் வகையில் மிக வேகமான மாடல் மூன்று வினாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதை அடக்கும் பக்குவம் எந்த எல்.எல்.ஆரோடும் சேர்ந்து வருவதில்லை. என்னால் 30 நாளில் அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. உண்மையைச் சொன்னால், எனக்கே அது தெரியாது.

உங்கள் சட்டத்தில் எடைக்குக் கணக்கு இருக்கிறது. 7,500 கிலோ வரை இலகுரக வாகனம், அதற்கு மேல் வேறு உரிமம். அந்த 7,500 கிலோ பிரச்சினைக்காக உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உட்கார்ந்து 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. கியர் உண்டா இல்லையா என்று பைக்குக்குக் கணக்கு இருக்கிறது. சொந்த வண்டியா, வாடகை வண்டியா என்று கணக்கு இருக்கிறது. எவ்வளவு வலுவான வண்டி என்பதற்கு மட்டும் ஒரு கணக்கும் இல்லை.

நான் கற்றுக்கொண்டது மாருதி 800இல். 37 குதிரைத்திறன், எடை சுமார் 650 கிலோ. ஒரு டன்னுக்கு என்று கணக்குப் பார்த்தால் 57 குதிரை வரும். இப்போதைய ஸ்விஃப்ட்டில் 90க்குப் பக்கம். போர்ஷேயின் பழைய பேர்பெற்ற கார் 911, அதன் சாதாரண மாடலிலேயே 250ஐத் தாண்டும். டைகானின் உச்ச மாடலில் 300க்கும் மேல். இந்த நான்கையும் ஓட்ட நாம் கொடுப்பது ஒரே அட்டை. 37 குதிரையில் தப்புச் செய்தால் வண்டி உறுமும், குலுங்கும், நின்றுவிடும். தப்பைத் திருத்திக்கொள்ள வண்டியே அவகாசம் கொடுக்கும். பெரிய வண்டி அந்த அவகாசத்தைத் தராது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு என்பதை எல்லாப் பிள்ளைகளும் பிளஸ் ஒன்னில் படித்து மார்க் வாங்கியவர்கள்தான். பரீட்சைத் தாளில் அது இருக்கிறது. காலில் இல்லை.

வேறு நாடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து மாநிலங்களில், புதிதாக உரிமம் வாங்கி ‘பி’ பலகை மாட்டி ஓட்டுகிறவர் டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் வண்டியை ஓட்டக் கூடாது. நம் கணக்கில் டன்னுக்கு 174 குதிரை. நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் கீழே உள்ளவர், உரிமத் தேர்வுக்குப் போகும் முன்னால் 120 மணி நேரம் ஓட்டிக் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். நம்மிடம் 30 நாள் காத்திருந்தால் போதும். அந்த 30 நாளும் வண்டியைத் தொடாமல் இருந்தால்கூட யாரும் கேட்பதில்லை.

இத்தாலியைப் பாருங்கள். ஃபெராரியும் லம்போர்கினியும் பிறந்த ஊர். வேகத்தின் மேல் அவர்களுக்கு வெறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே கார் உரிமம் வாங்கிய முதல் மூன்று ஆண்டுகள் டன்னுக்கு 75 கிலோவாட், மொத்தத்தில் 105 கிலோவாட், இதற்கு மேல் ஓட்டக் கூடாது. 2024 டிசம்பரில் வந்த திருத்தம் இது. முன்பு வரம்பு இன்னும் குறைவாக இருந்தது, ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும். வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, காலத்தை மூன்று ஆண்டாக்கினார்கள். இது எனக்குப் பிடித்த மாற்றம். ஓட்டுவதற்கு நல்ல வண்டியும் வேண்டும், பழக நாளும் வேண்டும் என்று புரிந்த யாரோ எழுதியது போல இருக்கிறது.

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் இன்னும் ஒரு படி போய்விட்டது. 2019இல் அடிலெய்டில் ஒரு லம்போர்கினி சாலையை விட்டு விலகி, நடைபாதையில் இருந்த 15 வயதுச் சிறுமி இறந்தாள். அதை ஓட்டியவர் பையன் அல்ல, வளர்ந்த ஆள். அதன் பிறகு அங்கே டன்னுக்கு 276 கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள வண்டிகளுக்குத் தனி வகுப்பே உண்டாக்கினார்கள். 2024 டிசம்பர் முதல் அந்த வகை வண்டியை யார் ஓட்டினாலும், வயது எதுவானாலும், தனி உரிமம் வேண்டும். வண்டியின் பாதுகாப்பு மின்னணுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டுவதும் குற்றம். ஆகவே நான் இளசுகளை மட்டும் குறை சொல்ல வரவில்லை. ஐம்பது வயதில் முதல் தடவை அப்படி ஒரு வண்டியில் ஏறுகிறவரும் புதியவர்தான். பதினெட்டு வயதுக்காரனுக்கு ஆபத்து இரட்டிப்பு. அவனுக்கு வண்டியும் புதிது, சாலையும் புதிது.

அதோடு நண்பர்கள் வேறு. இதை எந்த ஆராய்ச்சியும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தனியாக வரும்போது ஐம்பதில் போகிற பையன், பின் சீட்டில் இரண்டு சிநேகிதர்கள் ஏறினால் வேறு ஆளாகிவிடுகிறான். பெண் பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் குறைவு. நியூ சவுத் வேல்ஸில் முதல் கட்ட உரிமத்தில் இருக்கும் 25 வயதுக்குட்பட்டவர் இரவு 11 முதல் காலை 5 வரை, 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றிக்கொள்ளக் கூடாது. அந்த விதியை எழுதியவரும் எங்கேயோ இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தவராக இருக்க வேண்டும். (அங்கேயும் ஸ்டீயரிங் நம்மைப் போல வலது பக்கம்தான்.)

“இந்தியாவில் இந்த மாதிரிக் கார் எத்தனை ஓடுகிறது, இதற்கு ஒரு விதியா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இதில் ஸ்போர்ட்ஸ் காரால் இறந்தவர்கள் சொற்பம் என்றே நினைக்கிறேன். லாரி, குழி, இருட்டு, குடி, ஹெல்மெட் இல்லாத தலை, இவைதான் பெரிய எமன்கள். ஆனால் அதே ஆண்டு இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகக் கணக்கில் வருகிறார்கள் என்பதும் உங்கள் அமைச்சக அறிக்கையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. இதுவரை இளசுகளுக்கும் பெரிய இன்ஜினுக்கும் நடுவில் நின்றது சட்டம் அல்ல, விலை. அந்தச் சுவர் இடிந்துகொண்டிருக்கிறது. மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. 30 லட்சத்துக்குள்ளேயே 280 குதிரைத்திறன் கிடைக்கிறது. மோட்டாருக்கு இன்ஜின் போல உறுமி உறுமி ஏற வேண்டிய அவசியமில்லை. மிதித்த நொடியே முழு இழுவையும் சக்கரத்துக்கு வரும், அதுவும் சத்தமில்லாமல். சத்தம்தான் எங்களுக்கெல்லாம் வேகத்தைக் கற்றுக்கொடுத்தது. இப்போது கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்த வாத்தியாரும் இல்லை. இன்று அந்தக் கார்கள் எடை அதிகம் என்பதால் ஆஸ்திரேலிய வரம்புக்குள்தான் நிற்கின்றன. பத்து வருஷம் கழித்து இரண்டாம் கையாக ஐந்து லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் பைக். தமிழ்நாட்டில் நடுத்தர வீட்டுப் பிள்ளையின் ஸ்போர்ட்ஸ் கார் பைக்தான். டியூக் 390 ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 45 குதிரைத்திறன், எடை 170 கிலோ சுற்றி. டன்னுக்குக் கணக்குப் போட்டால் 911ஐத் தாண்டிவிடும். ஐரோப்பாவில் 16 வயதில் 125 சி.சி., 11 கிலோவாட் வரைதான். 18 வயதில் தனித் தேர்வு எழுதி 35 கிலோவாட் வரை. வரம்பில்லாத பெரிய பைக்குக்கு, அதில் இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகு 20 வயதில், நேராக வருவதானால் 24 வயதில். இங்கே ஸ்ப்ளெண்டரில் எட்டுப் போட்டுக் காட்டியவன் அடுத்த நாள் 1,300 சி.சி. பைக்கில் ஏறலாம். அட்டையில் எழுதியிருப்பது ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபரின் உரிமத்தைப் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்தார்கள். விழுந்த பிறகு பத்து ஆண்டு. விழுவதற்கு முன்னால் இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்ல நம்மிடம் ஒரு விதி இல்லை.

வேகத்தை விரும்புகிற பிள்ளையை நான் திட்டமாட்டேன். பதினெட்டு வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்க்கக் கோவையிலிருந்து ரயிலேறிப் போனவன் நான். பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்த காலம். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. எங்கள் ஊரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். டிராக்கில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கோ-கார்ட்டில் தொடங்குவார்கள். அதில் வேகமாகச் சுற்றி முடித்துக் காட்டினால்தான் அடுத்த வண்டி. ஹெல்மெட், நெருப்புத் தாங்கும் உடை, ஓரத்தில் ஆம்புலன்ஸ், எதிரே வண்டி வராது, பால்காரர் வரமாட்டார். இவ்வளவு இருந்தும் 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் இறந்துபோனான். படிப்படியாக ஏற்றிவிடும் இடத்திலேயே அந்த நிலைமை என்றால், ஒரே தாவலில் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடும் பொதுச் சாலையை என்ன சொல்வது?

இப்போது அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்திருக்கிறார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே ஆள் இல்லை. ஊருக்கு ரொம்ப வசதி, நானும் போகிறேன். எந்த நேரத்தில் எந்த வண்டிகள் அங்கே ஏறுகின்றன என்று சத்தத்தை வைத்தே எங்கள் தெருவில் சொல்லிவிடுவார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கார் உரிமம் வாங்கிய முதல் மூன்று ஆண்டுகள், டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வையுங்கள். ஆஸ்திரேலியாவின் 130 கிலோவாட்டையே வைத்தாலும் சரி. ஸ்விஃப்ட்டோ, இன்னோவாவோ, ஸ்கார்பியோவோ எதுவும் அதில் மாட்டாது. எந்தக் குடும்பத்துக்கும் கஷ்டம் இல்லை. பைக்குக்கு ஐரோப்பாவைப் போல இரண்டு படி வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 10ஆவது பிரிவு உரிம வகைகளை அடுக்கும்போது, கடைசியில் ‘குறிப்பிட்ட விவரம் உள்ள மோட்டார் வாகனம்’ என்று ஒரு வகையை விட்டுவைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகவே இதைக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, சட்டம் படித்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கணக்குப் போடுவதற்கும் சிரமம் இல்லை. குதிரைத்திறனும் வெறும் வண்டியின் எடையும் ஆர்.சி.யிலேயே அச்சாகிறது. ஒன்றை இன்னொன்றால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

“காசு இருப்பவன் எப்படியும் ஓட்டுவான்” என்பார்கள். ஓட்டுவான், சிலர். ஆனால் என்னிடம் வரும் அப்பாக்களில் பெரும்பாலோர் சட்டத்துக்குப் பயந்தவர்கள். அந்த வார்ப்படத் தொழிற்சாலைக்காரரும் அப்படித்தான். லைசென்ஸ் கையில் வரும் வரை மகனுக்குச் சாவியைக் கொடுக்கவில்லை, வண்டி ஷோரூமிலேயே நின்றது. மூன்று ஆண்டு என்று சட்டத்தில் இருந்திருந்தால் மூன்று ஆண்டும் பொறுத்திருப்பார். பையனிடம் “நான் என்னடா பண்ணட்டும், கவர்மென்ட் ரூல்” என்று சொல்லித் தப்பித்திருப்பார். வளர்ந்த பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல எல்லா அப்பாவாலும் முடிவதில்லை. அவர்களுக்கு அந்தச் சாக்கையாவது கொடுங்கள்.

போன வாரம் அவர் மறுபடி போன் செய்தார். சின்னவனுக்குத் தை மாதம் பதினெட்டு முடிகிறதாம். “அண்ணன் வண்டியவே அவனும் ஓட்டட்டும்னு இருக்கேனுங்க. நீங்களே சொல்லிக் கொடுத்துடுங்க மாஸ்டர்.” சரி என்றேன். அந்தக் காரின் இடது பக்கம் ஒரு பிரேக் வைத்துத் தர முடியுமா என்று ஷோரூமில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து அவர் சிரித்தார்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஓட்டுநர் பயிற்சியாளன்